கழுத்துப் பொத்தான்

வீட்டுக்காரிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நடமாடுகிறேன்.

காவல்காரச் சட்டையின் கழுத்துப் பொத்தான் பூட்ட முடியாமல் போயிற்று. கம்பெனி டாக்டரிடம், "என் தங்கச்சிக்குத் தைராய்டு புற்றுநோய் வந்துச்சுங்க" என்றேன். "அது பொம்பளைங்க நோய், பெருசு. உமக்குச் சதை போட்டிருக்கு" என்று சிரித்தார். நானா விடுவேன்? சண்டை போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"பொம்பளைங்களுக்குத்தான் அதிகம் வருது. ஆனா ஆம்பளைங்க பெரும்பாலும் முத்தின பிறகுதான் வர்றீங்க" என்றார் டாக்டரம்மா. எனக்கும் அந்தப் புற்றுநோய்தான். அடுத்த வாரம் ஆபரேஷன். பயப்படாதே.

தங்கை நோயில் படுத்தபோது ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நம் வீட்டுப் பெண்கள் எல்லோருடைய கழுத்தையும் தடவிப் பார்த்தார்கள். ஆண்கள் நாங்கள் வெளியே செருப்புக்குக் காவல் நின்றோம். ஒருத்தரும் உள்ளே கூப்பிடவில்லை. இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

காலர் இல்லாத சட்டை இரண்டு அனுப்பு. குரல் கொஞ்ச நாள் கம்மியிருக்குமாம். போனில் நான் பேசாவிட்டாலும் வைத்துவிடாதே, நீ பேசு.

பெரியவன் என்னோடு பேசாவிட்டால் போகிறான். அவன் கழுத்தை டாக்டரிடம் காட்டு. வரமாட்டேன் என்பான், என் பிள்ளைதானே. இழுத்துக்கொண்டு போ. நீயும் உள்ளே போய் நில்.

வேலைக்கு மணியடித்துவிட்டது.

உன் புருஷன்