தொப்பி இருக்கு, கிளவுஸ் இருக்கு

ஜனவரி 18, சனி
மலையடிவாரத்தில், நல்லதண்ணியில் இன்று சரியான கூட்டம். மலை ஏற வருகிறவர்களிடம் கடை வாசலில் நின்று நான் சொல்வது ஒன்றுதான் — "வாங்க, தொப்பி இருக்கு, கிளவுஸ் இருக்கு, மேல குளிரும்." சிங்களத்திலும் அதையேதான் சொல்வேன். முன்கூட்டியே அடுக்கி வைத்த பேச்சு இருந்தால்தான் எனக்கு வாய் திறக்கும். இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்.

கொழும்புப் பையன்கள் சிலர் வந்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள். ஒன்றும் வாங்கவில்லை. முகத்தில் ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஜனவரி 22
கடையில் கூட வேலை செய்யும் தனுஜா போனை நீட்டினாள். வீடியோவில் இருந்தது நான்தான். பின்னால் டிங் டிங் என்று ஒரு கேம் இசை. மேலே 'என்.பி.சி.' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். வீடியோ கேமில் தெருவோரம் சும்மா நிற்கும் ஆட்களாம். விளையாடுகிறவன் கிட்டே போகும்போதெல்லாம் அதே பேச்சைப் பேசுவார்களாம். உள்ளே ஒன்றும் கிடையாதாம்.

"வெளாட்டுக்குத்தான் போட்டிருக்கானுக, நிலக்ஷி. மனசுல வச்சுக்காத."

கீழே ஒருவன், 'ஓட்டிசம் உள்ளவங்க எல்லாம் என்.பி.சி. தானே' என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக வைத்திருக்கிறான். ஓட்டிசம் — கண்டி டாக்டர் எனக்குச் சொன்ன அதே வார்த்தை. நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லையே — இவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்காது. கேலிக்குச் சொல்கிற வார்த்தையாகிவிட்டது போல.

உள்ளே ஆளில்லை என்றால், இவ்வளவு அலுத்துப்போயிருப்பது யார்?

ஜனவரி 26
அம்மாவும் பார்த்துவிட்டாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரய்யா மாமா காட்டினாராம். அம்மாவுக்குப் போன் விஷயமெல்லாம் தெரியாது. டிவியில் வந்த மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லோரிடமும், "எம்புள்ளய ஊரே பாக்குது!" என்கிறாளாம்.

இத்தனை வருடத்தில் அம்மா என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. இதை எப்படிச் சொல்லி உடைப்பது? சொல்லத்தான் வேண்டுமா?

பெப்ரவரி 2
கடை முதலாளி கந்தப்பன்: "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு புள்ள, சனம் அதுக்குத்தான் வருது."

கால் வலி.

பெப்ரவரி 9
பௌர்ணமிப் போயா லீவுக்கு அம்மா கூட்டாளிகளோடு கடைக்கு வரப்போகிறாளாம், நான் பேசுவதைப் பார்க்க. ஐயோ, வராதம்மா. வராத. சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். இதற்கு என்னிடம் அடுக்கி வைத்த பேச்சு இல்லை.

பெப்ரவரி 12, போயா
வந்தார்கள். அம்மா தீபாவளிச் சேலையில். நான் சொன்னதும் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். இன்னொருவன் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, என் குரலில் அதையே சொல்லிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் முதலில் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாள்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"என்னத்துக்குடி எங்கிட்ட சொல்லல?"

"நீ சந்தோசமா இருந்தியேம்மா."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்திலேயே இருந்தேன்.

பெப்ரவரி 15, சனி
அம்மா இன்று கொழுந்துக்குப் போகவில்லை. என்னோடு வந்து, கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். முதலாளி முகத்தைச் சுளித்தார், அம்மா கண்டுகொள்ளவில்லை. போனைத் தூக்கியவனிடமெல்லாம், "வாங்குறதுன்னா வா தம்பி, இல்லாட்டி வழிய விடு" என்றாள்.

பொழுது சாயும்வரை அம்மாவும் என்னைப் போல அதே பேச்சுதான், ஒரு சொல் மாறவில்லை. ஒருவனும் சிரிக்கவில்லை.