தெரியாத வீட்டுப் பிள்ளை

பாசமுள்ள மணி அண்ணா,

நிம்மதியாக இருக்கும் உன்னை ஒரு வம்புக்கு இழுக்கிறேன். உன் மகன் சேகர் மேல் ஃபேக்டரியில் விசாரணை. சூப்பர்வைசரைப் பிடித்துத் தள்ளினான் என்று புகார். நிரூபணமானால், நீ இறந்ததற்காக அவனுக்குக் கொடுத்த வேலை போய்விடும். கூடவே குவார்ட்டர்ஸும் போகும். விசாரணை அதிகாரி யார் தெரியுமா? கூடப் பிறக்காத உன் தம்பி நான்தான்.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். இந்தத் தெலுங்கு ஊரில் மேனேஜரும் நம்மைப் போல் தமிழர் அல்லவா, தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். “உங்களுக்கு வேண்டிய பையன்தான். ஆனா பாரபட்சம் பார்க்காத ஆள்னா எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க.” யூனியனும் தலையாட்டியது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அண்ணா. அந்தப் பேர் மேல் அவ்வளவு ஆசை.

அன்றிலிருந்து உன் தெருப்பக்கம் போவதில்லை. திருமுல்கேரி பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிச் சுற்றி நடக்கிறேன். அண்ணி கொடுத்தனுப்பிய அதிரசத்தைத் திருப்பி அனுப்பினேன். சேகரிடம், “இங்க சித்தப்பா கிடையாது, சார்னு கூப்பிடு” என்றேன். இதற்குப் பெயர்தான் நடுநிலை என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று அவனுக்குச் சாட்சி சொல்ல, கூட வேலை செய்யும் ராமுலு வந்தான். அவன் வாயைத் திறந்ததுமே “போதும்” என்று உட்கார வைத்துவிட்டேன். சேகருக்குச் சாதகமாகப் போய்விடுமோ என்ற பயம்.

சேகர் என்னையே பார்த்தான். இந்த ஊர் உருதுவிலேயே ஆரம்பித்தான். “கைக்கு சார்? ஏன்? வேற யார் பையனாவது இருந்தா ராமுலுவைப் பேச விட்டிருப்பீங்கல்ல?”

ஃபைலை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ‘பேருக்குப் பயந்தே இவன் அந்தப் பையனைக் கைவிடுவான்’ என்று கணக்குப் போட்டுத்தான் மேனேஜர் என்னைப் பிடித்தாரா?

இப்போது விலகினால் விசாரணை சூப்பர்வைசரின் கூட்டாளி கைக்குப் போகும். சேகர் குற்றமற்றவன் என்று எழுதினால், சிநேகிதன் மகனாச்சே என்பார்கள். குற்றம் என்று எழுதினால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பேன்? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது.

நாளை ராமுலுவை மறுபடியும் கூப்பிடுகிறேன். சேகர் தள்ளியதும் வெளியே வரலாம்; சூப்பர்வைசர் முதலில் கை ஓங்கியதும் வரலாம். அவனைக் காப்பாற்றுவேன் என்று வாக்குத் தர என்னால் முடியாது. முன்பின் தெரியாத வீட்டுப் பிள்ளைக்காக ஒருவன் சாட்சி சொன்னால் எப்படிக் கேட்பேனோ, அப்படிக் கேட்பேன். அதில் என் நல்ல பேர் போனால் போகட்டும்.

முடிவு எதுவானாலும், அதைச் சொல்ல நானே உன் வீட்டு வாசலுக்கு வருவேன். அண்ணி கதவைத் திறப்பார்களா, அண்ணா?

உன் தம்பி,
சேகருக்கு இன்னும் சித்தப்பா.