மடற்குழுவில் ஒரு பொய்

நம் மின்னஞ்சல் மடற்குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பழைய மடல்களைத் தோண்டிப் படித்துவிட்டு, இன்று காலை என்னைக் கேட்டிருக்கிறாள்: "பள்ளிக்கூடங்களுக்கான தமிழ் லினக்ஸ் அந்த முறை பத்து நாள் தாமதமாக வெளிவந்தது உங்கள் மறதியாலா?" கேட்டதில் தப்பில்லை. என் பெயரில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் அவளுக்குப் பதில் எழுதக் கை வரவில்லை.

நீ திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை. நான் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தேன். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனாலும் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தைத் தமிழாக்கும் வேலைப் பேச்சு முழுக்க மடற்குழுவில்தான், எல்லோரும் பார்க்க; நீ அதை லிஸ்ட் என்பாய். திரையில் வரும் தமிழ்ச் சொற்களை இனி மாற்றக்கூடாது என்று நாள் குறித்த பிறகு, ஒரே ஒரு சொல்லை மாற்றிக்கொள்கிறேன் என்று உனக்குப் போன் செய்தேன். "லிஸ்ட்ல எழுதுடி. நீயும் நானும் போன்ல பேசி முடிச்சிக்கினா, கனடாவுல கீறவருக்கு எப்படித் தெரியும்?" என்று வைத்துவிட்டாய். எழுதினேன். எல்லோர் முன்னாலும் முடியாது என்றாய். ஒரு வாரம் உன்மேல் எரிச்சலாக இருந்தது.

வெளியீட்டுக்கு முன் கடைசி வேலை உன்னுடையது. கடையில் இருந்த மூன்று ஓட்டை கம்ப்யூட்டர் மெஷின்களிலும் அதை நிறுவிப் பார்ப்பாய். பள்ளிக்கூடத்தில் இருப்பவை இதைவிட மோசம் என்பாய். மூன்றும் ஓடினால் மடற்குழுவுக்கு ஒரே ஒரு சொல் அனுப்புவாய்: சரி. வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. அது வராமல் எதுவும் வெளிவராது.

அந்த முறை, குறித்த நாளில் நீ புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். மார்பில் கட்டி, ஆபரேஷன். எனக்கு மட்டும் போன் செய்தாய். "லிஸ்ட்ல சொல்லிக்கினு இருக்காத. தெரிஞ்சா அப்புறம் எவனும் எனக்கு 'இங்க தப்பு கீது'ன்னு பக் அனுப்ப மாட்டான். உடம்பு எப்படி கீதுன்னுதான் கேப்பான்."

நாள் கடந்தது. ஒருவர் எழுதினார்: "திண்டிவனத்திலிருந்து பதிலே இல்லை. முடியாதென்றால் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமே." ஊருக்கு வந்ததும் நீ அந்த வரியைத்தான் முதலில் படிப்பாய் என்று பயந்தேன். அரை மணியில் பதில் போட்டேன்: "இந்த முறை சோதனையை அவர் என்னிடம் விட்டிருந்தார். செய்ய மறந்தவள் நான்."

பொய் சொல்வது சுலபம், அதற்கப்புறம்தான் வேலை. மறுநாள் நான் திண்டிவனம் போய் நிற்க, உன் தம்பி கடையைத் திறந்துவிட்டான். இரண்டு மெஷினில் ஒழுங்காக ஏறியது. மூன்றாவதில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. குழுவில் எழுத்துரு பார்க்கும் கனடாக்காரர் அதைத் திருத்தி அனுப்புவதும், நான் கொறிக்க மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தோடு மறுபடி பஸ் ஏறுவதுமாகப் பத்து நாள் ஓடிவிட்டது. போனில் நீ கேட்டது ஒன்றுதான்: "மூணாவது ஓடிச்சா?" ஓடியது என்றதும், தம்பியை விட்டு உன் பெயரில் அந்த ஒரு சொல்லை அனுப்பச் சொன்னாய்.

வீட்டுக்கு வந்து மடல்களைப் படித்துவிட்டு நீ திட்டியது மறக்காது. "இன்னாடி பண்ணி வெச்சிகீற? போயும் போயும் லிஸ்ட்ல பொய் எழுதிக்கினு! அத அழிக்கக்கூட முடியாதே!"

"உன்ன பொறுப்பில்லாதவள்னு சொல்றத நான் பாத்துக்கினு இருக்கணுமா?" என்றேன்.

பிறகு, "நான் போனப்புறம் திருத்திடு" என்றாய். அதற்கப்புறம் ஆறு வெளியீடுகளுக்கு நீ சரி சொன்னாய். ஒருவரும் உன் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டு வருஷமாக நான் திருத்தவில்லை. சோம்பல் இல்லை. திருத்தினால், நீ இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உனக்கு இரங்கல் மடல்கள் வந்தபோதுகூட நான் ஒரு வரி எழுதவில்லை.

இன்று எழுதிவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தனியாக அல்ல, மடற்குழுவுக்கே. யாரும் எதையும் மறக்கவில்லை, நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய், மெஷின் முன்னால் உட்கார்ந்தது நான், படுத்துக்கொண்டே சரி சொன்னது நீ. சாயங்காலத்துக்குள் நாலைந்து பேர் பதில் போட்டிருக்கிறார்கள், நல்லபடியாகத்தான். இருந்தாலும் மடல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் ஒரு சொல் வராமல் எதையும் முடிந்ததாக நினைக்க எனக்கு இன்னும் பழகவில்லை.