கேப்ரியின் பதினோரு நொடி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? நான் நலம். சிபா நகரில் நல்ல மழை.

நேற்று எங்கள் முதலாளி ஹிராயாமா, பட்டறையில் பந்தயத்துக்குத் தயாரான நிஸான் காரைக் கால் மைல் ஓட்டிப் பார்த்தார். உங்கள் கேப்ரி காரைவிடச் சின்ன எஞ்சின். ஒன்பது நொடியில் போய்விட்டது. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. பிறகு அதே காரில் போய் நூடுல்ஸ் சாப்பிட்டோம். "ஜப்பான்காரன் வண்டி வெறும் தையல் மிஷின்டா" என்பீர்களே, அந்தத் தையல் மிஷினைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில் வாயை விட்டுவிட்டேன். "உங்கப்பா வண்டி கால் மைலை எத்தனை நொடியில போகும்?" என்று ஹிராயாமா கேட்டார். "பதினொண்ணு" என்றேன். பதின்மூன்று என்பது நமக்குத் தெரியும். நம்மூர் பப்பில் யார் என்ன நேரம் சொன்னாலும் கேட்பவர்களே இரண்டு நொடி கூட்டிக்கொள்வார்கள். இங்கே யாரும் கூட்டவில்லை.

"அந்தப் பழைய இரும்பு எஞ்சின்லயா? உங்கப்பா பெரிய ஆளுப்பா" என்று எழுந்து நின்று தலைவணங்கினார். எனக்கு அவர் ஒருநாளும் அப்படி வணங்கியதில்லை. அதற்கும் வயிறு எரிந்தது.

நம் டீத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். கேப்ரி கிளம்பும் சத்தத்தையும் கேசட்டில் பதிந்து அனுப்புங்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சத்தமே இல்லை.

தபால் நிலையம் மூடப்போகிறது. ஆகஸ்டில் ஹிராயாமா உங்களைப் பார்க்க வருகிறார், ஸ்டாப்வாட்சோடு. கனம் குறைய, கேப்ரியின் பின்சீட்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

உங்கள் மகன்,
கிளைவ்