அப்பாவின் கால் அடம்பிடிக்கிறது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நாங்களும் சுகம்தான், ஆனால் அந்தச் சொல்லை எழுதும்போது இந்த முறை கை கொஞ்சம் தயங்கியது. போனில் சொல்லலாமென்றால், நீ கூப்பிட்ட உடனே உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளோரம் உட்கார்ந்துவிடுகிறார். இப்போது மாடிவீட்டு எலெக்ட்ரீஷியன் துணையோடு முடிவெட்டப் போயிருக்கிறார், அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாகவே அவர் நடை மாறிவிட்டதம்மா. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துச் சின்ன அடியாக வைக்கிறார், வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றே டிக்கெட் கிழித்த கண்டக்டர், இவருக்கா நடை தடுமாறப் போகிறது என்று நினைத்து, செருப்புதான் சரியில்லையென்று புதுசு வாங்கிக் கொடுத்தேன். போன மாதம் பாங்க்குக்குப் போனோம். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார், ஆணி அடித்த மாதிரி. பின்னால் வந்த ஒருவன், பெருசு உள்ள போறீங்களா, இல்ல போட்டோவுக்கு நிக்கிறீங்களா என்றான், நாலு பேர் சிரித்தார்கள். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுக்க, மேல் உடம்பு வந்தது, கால் வரவில்லை. காவலாளி தாங்கிப் பிடித்ததால் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் புதுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அப்புறம் மெதுவாக, நான் போன்னு சொல்றேன், காலு கேக்க மாட்டேங்குதுடி என்றார்.

நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நடக்கவிட்டு, திரும்பவிட்டு, விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் நோய் என்றார். முழுசாகப் போகாது, மாத்திரையும் பயிற்சியுமாகச் சமாளிக்கலாம், நடையை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் உன் அப்பா சொன்ன முதல் பேச்சு, நம்ம பொண்ணுகிட்ட மூச்சு விடாதே, ஊர்ல உள்ளவங்க நடையையெல்லாம் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கா, பெத்தவன் நடையையும் பாத்து அழணுமா என்பதுதான்.

நீ போன தடவை வந்தபோது உன் ஆராய்ச்சிக்கூடத்து வீடியோவில் காட்டினாயே, நடையை அளக்க உடம்பெல்லாம் மின்னும் குட்டி உருண்டை ஒட்டிக்கொண்டு, கதவருகில் நின்றுபோன ஒருவர், தரையில் கோடு போட்டதும் கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்ததை. அது நினைவுக்கு வந்து, வெள்ளை டேப்பை வெட்டி எங்கள் படுக்கையறை வாசலில் தொடங்கிக் கூடம்வரை குறுக்குக் கோடாக ஒட்டினேன். வீட்டை என்ன பாண்டி ஆடுற இடமா ஆக்கிட்டியா என்று தாம்தூமென்று குதித்தார். மறுநாள் காலையில் நான் அடுப்படியில் இருக்கிறேன், செருப்புத் தேயும் சத்தத்தைக் காணோம். எட்டிப் பார்த்தால் கோட்டைத் தாண்டிக் காலை நன்றாக எடுத்துவைத்து வருகிறார். கூடம்வரை வந்தார், திரும்பிப் போனார், மறுபடி வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, இதையா நம்ம பொண்ணு வேலையா செய்யுது என்றார். ஆமாம் என்றேன். எல்லா இடத்திலும் இது பலிப்பதில்லை, களைத்துவிட்டால் கோடு இருந்தும் நிற்கிறார், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கடைத்தெருவுக்குப் போனா ரோடு பூரா டேப் ஒட்டுவியா என்று என்னைக் கிண்டல் செய்துவிட்டு, செருப்புலேர்ந்தே தரையில வெளிச்சக்கோடு விழுற மாதிரி நம்ம பொண்ணு ஏதோ செய்றாள்னு சொன்னியே, முடிஞ்சுதாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு. மாப்பிள்ளை முதுகுவலி எப்படி இருக்கிறது? நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த மாதக் கடைசியில் அப்பாவின் பிறந்தநாளுக்கு நீ கூப்பிடும்போது நோயைப் பற்றி அவரே உன்னிடம் சொல்வதாக இருக்கிறார், இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறார். அப்போது நீ அழுதால் பாதியிலேயே நிறுத்திவிடுவார். அதனால் அழ வேண்டியதை இப்போதே அழுதுவிடு கண்ணு, அன்றைக்கு ஒன்றும் தெரியாதவள் மாதிரி, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிரு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா