ஏழு தட்டுக் கேக்கும் விக்டோரியாக் காலக் கவிதையும்

சனிக்கிழமை இரவு, பென்டில் ஹில், சிட்னி

நித்திரை வரவில்லை. விக்டோரியாக் காலத்துக் கவிதை ஒன்றை இன்று தனியாளாகப் பிளந்து விளக்கியிருக்கிறேன்.

தங்கச்சியின் மகள் கவினி திங்கட்கிழமை வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டும். கவிதையில் ஒரு பிரபு இரவெல்லாம் மதுவும் இசையுமாகக் கிடக்கிறான். மனச்சாட்சி செத்துப்போகிறது. கடைசியில் அவனுக்கு எதிலும் ருசியில்லை.

"விளங்குது மாமா. ஆனா மனசில ஒட்டுதில்ல," என்றாள்.

அந்தக் கவிஞரோடு காலையில் தேத்தண்ணி குடித்தவன்போல எடுத்து விட்டேன். "பிள்ளை, லிட்கம் ஹோலில நடக்கிற எங்கட கொண்டாட்டம் மாதிரித்தான். அஞ்சு தட்டுக் கேக் நிக்கும். மேல் தட்டு மட்டும்தான் கேக், மிச்சமெல்லாம் ஐசிங் பூசின ரெஜிபோம், அந்த வெள்ளை நுரைக் கட்டை. வீடியோக்காரன் சொல்லச் சொல்லத் திரும்பத் திரும்ப வெட்டிச் சிரிப்பினம். ருசி பாக்கத்தான் ஒருத்தரும் இல்ல."

கவினி துள்ளி எழும்பினாள். "ஓ மை கோட் மாமா, அதுதான் என்ர ஓப்பனிங்!"

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. சிட்னியில் எந்தப் பேராசிரியர் இப்படி விளக்குவார்?

பிறகு கேட்டாள். "அப்ப அடுத்த மாசம் உங்கட அறுபதாவது பேர்த்டே கேக்?"

"ஏழு தட்டு. ஏழும் அசல்!" என்று அடித்து விட்டேன். உண்மையில் ஓடர் கொடுத்தது ஒரு தட்டுக்குத்தான். மற்ற ஆறும் வாடகைக் கட்டை.

குசினிக்குள் நின்ற தங்கச்சி சிரித்தாள். கவினி சிரிக்கவில்லை. "சூப்பர் மாமா! அடித்தட்டை நான்தான் வெட்டுவன்."

விடிந்ததும் கேக் செய்யிறவவுக்குப் போன் எடுத்து, ஏழையும் உண்மையாகவே போடச் சொல்ல வேண்டும். ஹோல் நிறைந்த சனம் தின்றாலும் மிஞ்சும். மிஞ்சட்டும். பிள்ளையின் கத்தி அடிவரை இறங்க வேண்டும்.