எங்கட பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை

ஹரோ,
ஞாயிற்றுக்கிழமை.

சுவர்ணா மச்சாளுக்கு மாலினி எழுதிக்கொள்வது,

இங்கே நலமில்லை. அங்கே பேர்னில் உங்கள் வீட்டிலும் நலமில்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் என்னை பிளொக் பண்ணிவிட்டீர்கள். என்னைக் கட்டிய உங்கள் தம்பிக்கோ உங்களோடு வாய் திறக்கப் பயம். ஆகவே கூரியரில் அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் முழுக்க வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

என் மகன் மிதுலன் ஆஸ்பத்திரியால் வந்துவிட்டான். குரோன்ஸ் என்கிற குடல் வருத்தம் முற்றி, குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை கஞ்சியோடு கிடக்கிறான். நீங்கள் ஒரு தரமும் விசாரிக்கவில்லை. ஆனால் தாய் ஷிப்ட் ஷிப்ட் என்று ஓடி, பிள்ளைக்கு பீட்சா சூடாக்கிக் கொடுத்தால் குடல் இப்பிடித்தான் போகும் என்று பாரிஸ் வரைக்கும் சொல்லியிருக்கிறீர்கள். அது மட்டும் என் காதுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது.

வருத்தம் தொடங்கியபோது டொக்டர் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது குடல், தோல், மூட்டு, கண் வருத்தங்கள் உண்டா என்று. உங்கள் தம்பி அங்கேயே நின்று உங்களுக்கு ஃபோன் எடுத்தார். எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை, அவளின்ர பக்கத்தைக் கேள் என்றீர்கள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது, மச்சாள். இவரும் அதையே டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஒப்புவித்தார்.

மாமா, அதாவது உங்கள் அப்பா, யாழ்ப்பாணத்து வெயிலில் முழுக்கைச் சட்டையோடு திரிந்தது எதற்கு? முழங்கையெல்லாம் வெள்ளைச் செதிலாக உரிந்ததை நானே கண்டிருக்கிறேன். சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பீர்கள். அது சொரியாசிஸ். இங்கே ஆஸ்பத்திரி நர்ஸ் ஹம்சினி, எங்கள் ஆள், எனக்கு விளங்கும்படி சொன்னாள். எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற வருத்தங்கள் பலவற்றுக்குப் பின்னால் பொதுவான மரபணுக்கள் சில இருக்கின்றனவாம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குத் தோலில் வரும், இன்னொருவருக்குக் குடலில், வேறொருவருக்கு முதுகிலோ கண்ணிலோ வரும். மரபணு இருந்தும் ஒன்றும் வராமலே போகிறவர்கள்தான் அதிகமாம். இரண்டு பக்கத்தாலும் வந்திருக்கலாம் என்றாள். என் அம்மாவின் கை மூட்டுகள் கோணிப்போனதை அன்றைக்கே சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு கிரீடமும் கழன்று விழவில்லை.

இனி உங்கள் மகள் ஆரணியின் கதைக்கு வருகிறேன். இங்கே ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் நடந்த அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு, மருந்தால மிதுலனின்ர முகம் ஊதிப்போய் இருக்கு, மாப்பிள்ளை வீட்டார் கேப்பினம், கூட்டிவர வேண்டாம் என்றீர்கள். அவனை வீட்டில் விட்டுவிட்டு வந்து உங்கள் சபையில் சிரித்துக்கொண்டு நின்றேன். அதற்காக உங்களை மன்னிக்கமாட்டேன்.

மண்டபத்துக்குள்ளும் ஆரணி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஸ்டைல் என்றீர்கள். பாத்ரூமில் என் முன்னால் கழற்றினாள். இடது கண் இரத்தச் சிவப்பாக இருந்தது. வெளிச்சம் பட்டால் குத்துகிறதாம், பார்வை மங்குகிறதாம். விடிய எழும்பினால் முதுகு இறுகி, அரை மணித்தியாலத்துக்குக் குனிய ஏலாதாம். கலியாணம் முடியட்டும், அதுக்கு முதல் டொக்டரிட்டைப் போனால் வெளியில தெரிஞ்சிடும் என்று நீங்கள் தடுத்தீர்களாம். மீறிப் போனால் நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிடுவீர்கள் என்று பயப்படுகிறாள்.

நேற்று ஃபோனில் கேட்டேன். இடது கண் தானாகச் சுகமாகிவிட்டதாம், இப்போது வலது கண் தொடங்கியிருக்கிறதாம். ஹம்சினியிடம் பெயர் சொல்லாமல் கேட்டபோது அவள் முகம் மாறிவிட்டது. கண்ணுக்குள்ளே அழற்சியாக இருக்கலாம், அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும், இழுத்தடித்தால் பார்வையே போகலாம் என்றாள்.

ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று ஆரணி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இந்தக் கடிதத்துக்குப் பிறகு அவளும் என்னோடு கதைக்கமாட்டாள். கதைக்காமல் இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு என் வாயால் ஒரு சொல் போகாது. கலியாணத்துக்கும் நாங்கள் வரமாட்டோம்.

கடிதம் கிடைத்த அன்றைக்கே அவளைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். முதுகையும் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று அங்கேயும் கேட்பார்கள். ஓம், என் தம்பிக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று சொல்லுங்கள்.

ஆரணியின் கண்ணுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
மாலினி